டயர் பண்டிதர்

அபர்டீன் பஜார் மணிக்கூண்டைச் சுற்றி மாலை வேளையில் நடமாடும் ஜனங்களுக்கிடையே, வரிசையாக நிற்கும் கார்களின் அழகையோ அவற்றில் அமர்ந்திருப்பவர்களின் முகத்தையோ ஏறிட்டும் பாராமல், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்து நோக்கி, உதட்டைப் பிதுக்கி, அடுத்த வண்டிக்கு நகர்கிற ஒரு கனவானை நீங்கள் காண நேர்ந்தால், அவருடைய நோக்கத்தைப் பற்றிச் சந்தேகம் கொள்ள வேண்டாம். அவர் தம்முடைய காருக்கு நான்கு புது டயர் வாங்கச் சங்கல்பம் செய்துகொண்டவர். 2024-இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று நாமகரணம் ஆவதற்கு முன்பே செய்துகொண்ட சங்கல்பம் அது. ஊரின் பெயர் மாறிவிட்டது. டயர் இன்னும் மாறவில்லை.

இத்தகைய பண்டிதர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஆயினும் அந்தமானில் அவர்கள் விசேஷமாகச் செழிக்கிறார்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்டிச் சரக்கு வந்து இறங்கும் ஊரில், கடையில் இருப்பதைப் பழிப்பதற்கும் கடையில் இல்லாததைப் புகழ்வதற்கும் கிடைக்கிற அவகாசம் வேறெங்கே கிடைக்கும்?

நமக்கெல்லாம் வெறும் கறுப்பு ரப்பராகத் தோன்றும் டயரின் பக்கவாட்டை, அவர் சோழர் காலத்துக் கல்வெட்டை வாசிப்பவரைப்போல் விரலால் தடவித் தடவி வாசிப்பார். ‘185/65 ஆர் 15 88 எச்’ என்றிருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் உயரம் இத்தனை சதவீதம், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம், 88 என்பது ஒரு சக்கரம் 560 கிலோ தாங்கும் என்பதற்கு அடையாளம் என்று பதம் பிரித்துப் பொருள் சொல்லிக்கொண்டே வந்து, ‘எச்’ என்ற எழுத்தை அடைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்துக்கு உத்தரவாதம் தரும் எழுத்து அது. அதற்குக் கீழான, 190-க்கு மட்டும் உரிய ‘டி’ எழுத்து டயரை அவர் தம் வண்டியில் ஏற்றச் சம்மதிப்பதில்லை. இந்தத் தீவில் அவர் போகக்கூடிய நெடுஞ்சாலையோ அந்தமான் டிரங்க் ரோடு ஒன்றுதான். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் நேரம் பார்த்துக் காத்திருந்து, போலீஸ் காவலோடு கான்வாயாகப் புறப்பட்டு, ஜாரவா மக்களின் காட்டு வழியே 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், முன்னால் போகிற வண்டியை முந்தாமல் சென்று, மிடில் ஸ்ட்ரெயிட் ஜலசந்தியை அடைந்தால், அங்கே கார் படகின்மேல் ஏறி அசையாமல் நிற்கும். இதை ஒருவர் விநயமாக எடுத்துரைத்தபோது, “போகாவிட்டால் என்ன? போகமுடியும் என்கிற கௌரவம் ஒன்று இருக்கிறதே!” என்றார்.

பனிக்கால டயர்களைப் பற்றியும் அவருக்கு அபாரமான ஞானம் உண்டு. ஏழு டிகிரிக்குக் கீழே சாதாரண ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடும் என்பதையும், மலைச் சிகரத்துக்குள் பனித்துளிப் பூவைப் பொறித்த முத்திரை எதைக் குறிக்கும் என்பதையும், இருபது டிகிரிக்குக் கீழே பாதரசம் இறங்குவதே அபூர்வமான ஊரில், வேர்வையைத் துடைத்துக்கொண்டே அரைமணி நேரம் விஸ்தரிப்பார்.

ஆனால் அவருடைய சரித்திரப் பிரசங்கத்தை நான் பரிகசிக்கமாட்டேன். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சுடவைத்துப் பதப்படுத்தக் கண்டுபிடித்தும் கடனாளியாகவே மாண்டது, 1946-இல் திருவொற்றியூரில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கிய ஒரு கொட்டகை எம்.ஆர்.எப். ஆக வளர்ந்தது ஆகியவற்றையெல்லாம் கடந்து, நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு அவர் வந்து சேரும்போது கேலி நம்மிடமிருந்து கழன்றுவிடுகிறது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் பயனாக இலங்கைத் தோட்டங்களை விட்டுப் புறப்பட்ட தமிழர்களில் சிலர், அந்தத் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறி, விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள். 2004 சுனாமி அந்தத் தீவையும் சூறையாடியது. “நம்மவர் வெட்டிய பாலும் எந்த டயரிலோ ஓடியிருக்கும்” என்று சொல்லி அவர் ஒரு கணம் மௌனமாவார். பிறகு, “அது சரி, இந்த டயரின் பிறந்த தேதி என்ன?” என்று கடைக்காரர் பக்கம் திரும்புவார்.

பிறந்த தேதியில்தான் சிக்கலே. டயரில் பொறித்த கடைசி நான்கு இலக்கங்களில், முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு வருஷத்தையும் காட்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட டயர் அவர் சித்தாந்தப்படி விருத்தாப்பியத்தை எய்தியது. ஆலையிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கும், கப்பலேறி ஹாடோ துறைக்கும், அங்கிருந்து கடைக்கும் வந்து சேருவதற்குள் அதற்கு வயது ஏறிவிடுகிறது. பண்டிதரோ, கடையில் கண்ட டயரைப் பற்றி நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்டுவர இரண்டு மாதம் எடுத்துக்கொள்கிறார், திரும்பி வந்து பார்த்து, “பழசாகிவிட்டதே!” என்கிறார்.

“அண்ணே, நீங்க போன தடவை பார்த்தப்ப இது புதுசுதான்” என்றார் கடைக்காரர்.

பாராடாங்குக்குத் தினந்தோறும் வண்டி ஓட்டும் டாக்சிக்காரர்கள் இந்தச் சாஸ்திரங்களில் பயிற்சி இல்லாதவர்கள். டயர்ப் பள்ளங்களின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரத்துக்கு விட்டிருக்கும் சிறு மேடு, தேய்ந்து வந்த பட்டனோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றுவார்கள். பக்கவாட்டில் வெடிப்பு கண்டாலும் மாற்றுவார்கள். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காலையில் காற்றுப் பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில், சாலைத் தண்ணீரை டயரின் பள்ளம் வாரி வெளியே தள்ளுகிறதா என்பதே பிரதானம் என்றுதான் எனக்கும் படுகிறது. பண்டிதர் இதைக் கேட்டால், “அனுபவம் வேறு, ஆராய்ச்சி வேறு” என்பார்.

அவருடைய காரின் டயர்களோ மொட்டையாகிப் பல நாளாயிற்று. ஈரச் சாலையில் மொட்டை டயர் வழுக்கும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. ஆகையால் மே மாதம் மழை பிடித்தால் டிசம்பர் வரையில் காரைத் தார்ப்பாயால் மூடிவிட்டு ஆட்டோவிலேயே பிரயாணம் செய்வார். சென்ற ஆவணியில் கோல்கரில் கொட்டும் மழையில், ஒரு கையில் குடையும் மறு கையில் டார்ச் விளக்குமாக, ஏறப்போகும் ஆட்டோவின் பின்சக்கரத்தில் அந்த நான்கு இலக்கங்களை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

“தேதியெல்லாம் அழிஞ்சு போச்சு சார், அது ரீட்ரேடு. ரெண்டு தடவை போட்டாச்சு. ஏறுங்க, நனையறீங்க” என்றார் ஆட்டோக்காரர்.

ரீட்ரேடு டயரை மகாபாதகம் என்று பஜார் முழுவதும் பிரகடனம் செய்தவர் குடையை மடக்கினார், ஏறினார், டெலானிபூர் போகிற வரையில், எந்தக் கம்பெனி ரப்பரை ஒட்டினார்கள் என்று விசாரித்துக்கொண்டே போனார்.