விலையைத் தடவிப் பார்த்தவர்கள்

புதிய கருவி ஒன்று வெளியிடப்படும்போது எழும் பொதுமக்கள் கருத்தை ஆராய முற்படுவோர், கருத்துச் சொல்வதற்கும் கருவியைப் பார்த்திருப்பதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை முதல் விதியாகவே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இவ்விதிக்கு இந்தியாவில் கிடைக்கும் மிகச் சிறந்த சான்று, 2011 அக்டோபர் 5 அன்று புது தில்லியில் வெளியிடப்பட்ட ‘ஆகாஷ்’ என்னும் கைக்கணினியாகும். விசைப்பலகை இல்லாமல், திரையையே விரலால் தொட்டு இயக்கும் பலகை வடிவக் கணினியைக் கைக்கணினி என்பர். பேச்சு வழக்கில் அது டேப்லட், அவசர வழக்கில் டேப். அன்று விழாவுக்கு வந்திருந்த ஏறத்தாழ ஐந்நூறு மாணவர்களின் கையில் அந்தக் கருவி இருந்தது. நாட்டில் மீதமிருந்த நூற்று இருபது கோடிப் பேரிடமும் அதைப் பற்றிய கருத்து இருந்தது.

அக்கருத்துகளை ஆராய்வதற்கு வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டாரம் ஏற்ற களம் என்று கொள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மலிவு விலைக் கணினியின் வரலாறு தில்லியில் தொடங்காமல், இவ்வட்டாரத்து மக்கள் ஆண்டுதோறும் போய்வரும் திருப்பதியில் தொடங்கியது என்பது முதற்காரணம். ஒரு பொருளைக் கையால் தடவிப் பார்த்துத் தரம் சொல்லும் தோல் தொழிலை அண்டி இவ்வட்டாரம் வாழ்கிறது என்பது இரண்டாவது காரணம். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு போய்விட்டன. ஆகாஷ் வந்த காலத்தில் அவை யாவும் ஒரே வேலூர் மாவட்டமாகவே இருந்தன.

திருப்பதிக் கதை 2009 பிப்ரவரி 3 அன்று நிகழ்ந்தது. பத்து டாலர் மடிக்கணினி, அதாவது அன்றைய மதிப்பில் ஐந்நூறு ரூபாய்க் கணினி, அங்கே அறிமுகமாகப் போகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. அதன் உருவாக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றோடு வேலூர் வி.ஐ.டி.யின் பெயரும் அடிபட்டதால் உள்ளூர்ப் பெருமிதத்துக்கும் குறைவில்லை. மேடையின் திரை விலகியது. கருவியில் திரை இல்லை. விசைப்பலகையும் இல்லை. வந்திருந்தது, பாடங்களைச் சேமித்து வைத்து வேறு கணினிக்கு அனுப்பக்கூடிய ஒரு பெட்டி மட்டுமே. பத்திரிகைகள் சினந்தன, வெளிநாட்டார் நகைத்தனர். திருப்பதிக்குப் போய் மொட்டையோடு திரும்புவது வடாற்காட்டு மக்களுக்குப் பழக்கமானது என்பதாலோ என்னவோ, இவ்வட்டாரத்தில் அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த ஆண்டு ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் ஐபேடை வெளியிட்டார். 499 டாலரில் தொடங்கிய அதன் விலை, 2011 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது 27,900 ரூபாயாக இருந்தது. இதற்கிடையே, 2010 ஜூலையில், மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்த கபில் சிபல் 35 டாலர் கைக்கணினியின் முன்மாதிரியைச் செய்தியாளர்களிடம் காட்டிவிட்டார். முன்மாதிரி என்பது உற்பத்திக்கு முன் ஒன்றிரண்டாகச் செய்து காட்டப்படும் பொருள். அதைச் செய்தவர்களே இயக்குவதால் அது தவறாமல் வேலை செய்யும்.

கனடாவைச் சேர்ந்த டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரிக்க, ராஜஸ்தான் ஐ.ஐ.டி. மேற்பார்வை பார்க்க, இறுதியில் பிறந்த ஆகாஷுக்கு ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்.பி. நினைவகம், ஆண்ட்ராய்டு 2.2 இயங்குதளம் ஆகியவை வாய்த்திருந்தன. அறிவிப்பில் 35 டாலர், அரசு கொடுத்தது ஏறத்தாழ 50 டாலர், மானியம் போக மாணவருக்கு 1,100 ரூபாய் அளவில், அதன் வணிகப் பதிப்பு கடை விலையில் 2,999 ரூபாய் என்று, ஒரே குடும்பத்துக் கருவிக்கு நான்கு விலை உலவியதால், பேசுபவர் தம் கருத்துக்குத் தோதான விலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வசதியாயிருந்தது. வெளியீட்டு நாளன்றே கலிபோர்னியாவில் ஸ்டீவ் ஜாப்ஸ் காலமானார் என்பதால், இரண்டு கருவிகளையும் ஒப்பிடுவதற்கு வேறு தூண்டுதலும் தேவைப்படவில்லை. ஐபேடை வாங்கக்கூடியவர்கள் ஆகாஷ் மெதுவாக ஓடுகிறது என்றனர். ஐபேடை வாங்க முடியாதவர்கள் நாட்டுப்பற்றோடு ஆகாஷை ஆதரித்தனர். இரு சாராரும் ஆகாஷை வாங்கும் எண்ணத்தில் இல்லை.

தமிழ்நாட்டின் எதிர்வினைக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. ஆகாஷ் வெளிவருவதற்கு இருபது நாள் முன்பு, அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று, முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்திருந்தார். விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் கூடவே வந்தன. வண்ணத் தொலைக்காட்சி அதற்கு முந்தைய ஆட்சியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. உலகம் முழுவதும் ‘இவ்வளவு மலிவா’ என்று வியந்த பொருளைப் பார்த்து ‘எதுக்குத் துட்டு குடுக்கணும்?’ என்று கேட்ட ஒரே நிலப்பகுதி தமிழ்நாடாகத்தான் இருக்கும். பொருளாதார நூல்கள் இதை எதிர்பார்ப்பின் உயர்வு என்று சொல்லக்கூடும், அணைக்கட்டுத் தேநீர்க் கடை வழக்கில் அது, “கலர் டிவியே சொம்மா குடுத்தாங்க, இந்தச் சிலேட்டுக்கு ஆயிரத்து நூறா?” என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்.

தோல் தொழிலின் முறை இங்கே விளக்கப்பட வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில், அதாவது பதனிடும் ஆலைகளில், ‘செலக்‌ஷன்’ என்பது தனி வேலை. அனுபவம் மிக்க ஒருவர் தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் முழுதும் நீவி, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, உரிக்கும்போது விழுந்த கத்திக் காயம் ஆகியவற்றைத் தேடி, மறுபுறம் புரட்டிக் கனம் பார்த்து, எந்தத் தரம் என்று சொல்லிவிட்டு அடுத்த தோலுக்குப் போய்விடுவார். தரம் முடிவான பிறகே விலை பேசப்படும். ஆகாஷ் திட்டம் இம்முறையைத் தலைகீழாக்கி, விலையை முதலில் மேடையில் அறிவித்துவிட்டு, அந்த விலைக்குள் அடங்கும்படி ஒரு கருவியைச் செய்யச் சொன்னது. தடவிப் பார்ப்பதற்குக் கருவி கைக்கு வராத நிலையில் மக்கள் விலையையே தடவிப் பார்த்தனர். “நல்ல செருப்பு ஒண்ணே அந்த வெலைக்கு வராது, கம்ப்யூட்டர் எப்டி நைனா வரும்?” என்ற ஐயம், காலையில் ஷூ கம்பெனிப் பேருந்து ஏறி மாலையில் திரும்பும் வட்டாரத்துக்கு உற்பத்திச் செலவு பற்றிய துறை சார்ந்த ஐயமே ஆகும்.

ஆகாஷ் வெளிவந்த அதே 2011-இன் மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் இரண்டாம் ஐபேடோடு அறிவித்த தோல் மூடியையும் இங்கே நினைவுகூர வேண்டும். திரையின் மேல் ஒட்டிக்கொள்ளும் அந்த மூடி இத்தாலியத் தோலால் ஆனது என்றும் விலை 69 டாலர் என்றும் சொல்லப்பட்டது. ஒரு கணினியின் மூடி இன்னொரு முழுக் கணினியைவிட விலை கூடியது என்ற செய்தி பிற வட்டாரங்களில் வியப்பை உண்டாக்கியிருக்கலாம். தோல் வட்டாரத்தில் அது கணினியின் மலிவைவிடத் தோலின் மதிப்பையே நிலைநாட்டியிருக்கும், இத்தாலி என்ற ஒரு குறையைத் தவிர.

தொடுதிரையின் வகையும் சற்று நெருங்கிப் பார்க்கத்தக்கது. முதல் ஆகாஷில் இருந்தது தடைமுறைத் தொடுதிரை: இரண்டு மெல்லிய படலங்கள் நூலிழை இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், மேல் படலத்தை அழுத்தி அது கீழ்ப் படலத்தில் பட்டால்தான் தொட்ட இடம் எதுவென்று கருவிக்குத் தெரியும். ஐபேடில் இருப்பது மின்தேக்குமுறைத் திரை: மனித உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் மெல்லப் பட்டாலே அது உணர்ந்துகொள்ளும். பின்னதில் பழகிய விரல்கள் முன்னதை வருடிப் பார்த்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று தீர்ப்பளித்தன. நகத்தால் அழுத்தியவர்களுக்கோ பேனா மூடியால் குத்தியவர்களுக்கோ அது ஒழுங்காகவே பணிந்தது. உலர்ந்த பதனிட்ட தோல் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், தோல் கையுறை அணிந்த கை ஐபேடுக்கு ஒரு பொருட்டே அல்ல; ஆகாஷ் கையுறையையும் மதித்தது. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், கடத்தும் பலபடிச் சேர்மத்தை ஏற்றித் தோலைத் தொடுதிரைக்கு இணங்க வைக்கும் ஆய்வு நடந்திருக்கிறது. ஆகாஷ் நீடித்திருந்தால் அந்த உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

படித்தவர்களின் விமர்சனம் செயலியின் வேகத்தைச் சுற்றி நின்றபோது, அக்கருவி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்கள் கேட்கக்கூடியவை மூன்று கேள்விகளே. “சார்ஜ் எவ்ளோ நேரம் நிக்கும்?” என்பது முதலாவது. ஏறத்தாழ மூன்று மணிநேரம் என்பது விடை. 2012-இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு ஒரு நாளைக்கு எட்டு மணிநேரத்தையும் தாண்டியது என்பதால், இவ்விடை கணக்கில் சற்றும் பொருந்தவில்லை. “இதுல சிம்மு போடலாமா?” என்பது இரண்டாவது. அரசு வழங்கிய முதல் ஆகாஷில் சிம் இடமில்லை. அது வைஃபையை நம்பியது. வைஃபை என்பது கம்பியில்லாமல் குறுகிய தூரத்துக்கு இணையத்தைப் பரப்பும் முறை. அணைக்கட்டுக்காரர் அன்று அதைத் தாராளமாகக் காண வேண்டுமானால் வேலூரைத் தாண்டிக் காட்பாடியில் வி.ஐ.டி. வளாகத்துக்கே போக வேண்டியிருந்திருக்கும். செல்பேசி அலையே ஏறத் தயங்கிய பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மலை ஊராட்சிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். “தமிழ் வருமா?” என்பது மூன்றாவது. ஆண்ட்ராய்டு 2.2-இல் தமிழ் எழுத்துரு உடன்வரவில்லை. எழுத்துரு இல்லாத இடத்தில் எழுத்துக்குப் பதில் காலிக் கட்டங்கள் தோன்றும். கிராமத்து மாணவரை அறிவுலகத்தோடு இணைக்க வந்த கருவி, அவருக்குத் தெரிந்த ஒரே மொழியைக் கட்டம் கட்டி ஒதுக்கியது.

இத்தனைக்கும் பிறகு, வணிகப் பதிப்புக்கு இணையத்தில் முன்பதிவு தொடங்கியபோது பதினான்கே நாளில் 14 லட்சம் பேர் பதிவு செய்தனர் என்று நிறுவனம் அறிவித்தது. குறை சொன்னவர்களில் எத்தனை பேர் அந்தப் பதினான்கு லட்சத்துக்குள் இருந்தனர் என்பது ஆராயப்படாத துறையாகும். கருவிகள் வந்து சேராமல் பதிவு செய்தோர் காத்திருந்த வேளையில், ராஜஸ்தான் ஐ.ஐ.டி.யும் நிறுவனமும் சோதனை விதிகள் குறித்துச் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. மழையில் நனைவதையும் கீழே விழுவதையும் தாங்க வேண்டும் என்று ராணுவத் தரம் கேட்கப்படுகிறது என நிறுவனம் குறைபட்டது. பள்ளிப் பையைத் தரையில் எறியும் முறையை அறிந்தவர்களுக்கு இந்தக் கோரிக்கை மிகையாகத் தோன்றாது. திட்டம் பின்னர் மும்பை ஐ.ஐ.டி.க்கு மாறியது, 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2, மின்தேக்குமுறைத் திரையும் இரு மடங்கு நினைவகமும் கொண்டு, அம்மாத இறுதியில் ஐக்கிய நாடுகள் அவை வரை சென்று வந்தது. முதற்பதிப்புக்குச் செலவிட்ட ஆவேசமெல்லாம் தீர்ந்துபோயிருந்ததால், மேம்பட்ட இரண்டாம் பதிப்பைத் திட்டுவதற்குக்கூட ஆளில்லை.

கதையின் வேடிக்கையான பகுதி அதன் பிறகே வருகிறது. அரசுத் திட்டம் ஓசையின்றி அடங்கிவிட்ட பின், நகைப்புக்கு இலக்கான அதே டேட்டாவிண்ட் நிறுவனம், 2015-இன் ஒரு காலாண்டில் இந்தியக் கைக்கணினிச் சந்தையில் விற்பனை எண்ணிக்கையில் முதலிடத்தைப் பிடித்தது. விலையைப் பார்த்துச் சிரித்த நாடே விலையைப் பார்த்து வாங்கியது. அந்த வெற்றியும் நீடிக்கவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலையைத் தரையில் தட்டியபோது, ஐந்தரை அங்குலச் செல்பேசியே கணினி, தொலைக்காட்சி, வகுப்பறை என்று எல்லாமாகி, ஏழு அங்குலத்துக்கு வேலையில்லாமல் செய்துவிட்டது.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. அரசு சார்ந்த கருவி வரலாற்றில் ‘அல்லது’ என்ற சொல் இடம்பெறுவது அரிது. அது, பெறுபவருக்கும் ஒரு செலக்‌ஷன் உண்டு என்று ஒப்புக்கொள்வதாகும். ஆகாஷின் குறை அது மலிவாக இருந்ததில் இல்லை, மெதுவாக இருந்ததிலும் இல்லை. சார்ஜ், சிம், தமிழ் ஆகிய மூன்றையும் கேட்கக்கூடியவரிடம் அதை முதலில் கொடுத்துக் கருத்துக் கேட்காததில் இருந்தது. ஆகவே, இனி எந்த அரசாவது மலிவு விலைக் கருவி செய்ய முனைந்தால், விலையை அறிவிப்பதற்கு முன் அதை அணைக்கட்டுப் பேருந்து நிலையத்தில் ஒரு வாரம் பொதுப் பார்வைக்கு வைப்பது நலம். மூன்று கேள்விகளுக்கும் விடை அங்கேயே தெரிந்துவிடும்; இடையில் எவரேனும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், எந்த ஐ.ஐ.டி.யும் தர இயலாத தரச்சான்று அதற்குக் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.