மல்லாட்டைக்குப் பந்தியில் இலை இல்லை

திண்டிவனத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் வேர்க்கடலை ஆராய்ச்சி செய்கிற எவருக்கும் டி.எம்.வி. 2 தெரியாமலிருக்காது. அந்த டி.எம்.வி. நம்மூர்தான். குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்ட ரகம். ஊர்ப் பெயர் ஏறியது. அந்தக் கொத்துக்கடலையை வருஷா வருஷம் விதைக்கென்று ஒதுக்கி வைத்துக் காப்பாற்றிய குடியானவன் பெயர் ஏறவில்லை. பாதகமில்லை. கூட்டுறவு வங்கிக் கடன் பேரேட்டில் அவன் பெயர் பத்திரமாக இருக்கிறது.

2001-இல் உலக நாடுகள் ரோமில் கூடி, பயிர் விதைகளைத் தங்களுக்குள் தாராளமாகப் பகிர்ந்துகொள்ள ஓர் உடன்படிக்கை செய்தன. நெல், கோதுமை, கேழ்வரகு, வாழை என்று 64 பயிர்களுக்குப் பந்தியில் இலை போட்டார்கள். வேர்க்கடலையான நம் மல்லாட்டைக்கு இலை இல்லை. சோயாவுக்கும் தக்காளிக்கும்கூட இல்லை. அவரவர் சரக்கை அவரவர் மடியில் முடிந்துகொண்டு பேரம் பேசினால் அப்படித்தான் முடியும். இதில் வேடிக்கை, பொலிவியாவின் ஒரு காட்டுக்கடலைச் செடி தந்த நோய் எதிர்ப்புதான் இன்று 30 நாடுகளின் ரகங்களுக்குள் ஓடுகிறது. கேட்டவருக்கெல்லாம் விதையைக் கொடுத்த காலத்தில் கிடைத்த பலன் அது. மடியில் முடிந்த பிறகு கிடைத்தது மாநாடுகள்.

போகட்டும். ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் 15,000-க்கும் மேற்பட்ட கடலை மாதிரிகளைக் குளிரறையில் காக்கிறது. அதே உடன்படிக்கையின் வேறொரு விதியின் கீழ் அவற்றை வாங்க வழியும் உண்டு. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. கடலை எண்ணெய் வித்து. சாக்கில் கட்டி வைத்தால் ஒரு வருஷம் தாண்டுவதற்குள் முளைப்புத்திறன் போய்விடும். குளிரறை வேண்டும்தான்.

யாருக்காக என்பதுதான் கேள்வி. உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, விதை கொடுப்பது ஆராய்ச்சிக்கும் ரக மேம்பாட்டுக்கும் பயிற்சிக்கும் மட்டுமே என்கிறது. விதைத்து, விளைவித்து, அவித்துத் தின்பது அந்த வரிசையில் இல்லை. அதெல்லாம் விஞ்ஞானமா என்ன?

விஞ்ஞானிகளின் விதைக்கு ஆபத்து வந்தால் வழி உண்டு. சிரியாவில் போர் மூண்டு, அலெப்போ அருகிலிருந்த விதை வங்கியை விஞ்ஞானிகள் கைவிட வேண்டியதாயிற்று. 2015-இல் நார்வேயின் பனித்தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் உள்ள விதைக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டார்கள். அங்கே கொடுத்து வைத்திருந்த விதை திரும்பி வந்தது. நியாயம்.

இனி நம்மூர்க் கதை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் விதைக்கென்று எடுத்து வைத்த மூட்டையும் சேர்ந்துதான் ஊறும். அந்தக் குடியானவன் எந்தத் தீவுக்கு எழுதிப் போடுவான்? அவனுக்கு விதைக்கடை இருக்கிறது. அவனுடைய தாத்தா இலவசமாகக் கொடுத்த விதையின் பேரப்பிள்ளையை அங்கே கிலோ விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பெருவெள்ளத்திலும் கல்லாப்பெட்டி மிதக்கும், கவலை வேண்டாம்.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் போட்டார்கள். அதன்படி ஊராட்சிதோறும் ஒரு குழு; ஊரின் விதை, செடி, கால்நடை எல்லாம் எழுதிய ஒரு பதிவேடு. அதைக் கண்காணிக்கும் தேசிய ஆணையம் எங்கோ டெல்லியில் இல்லை, சென்னை தரமணியில்தான் இருக்கிறது. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஆனாலும் நாடெங்கும் வேலை நகரவில்லை. கடைசியில் பசுமைத் தீர்ப்பாயம், 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பதினேழு வருஷம் விதைக்காக எழாதவர்கள் அபராதத்துக்காக எழுந்தார்கள்.

அந்தப் பதிவேடு உங்கள் ஊராட்சியிலும் இருந்தாக வேண்டும். அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று அதைக் காட்டச் சொல்லுங்கள். எந்த மல்லாட்டை, எந்த எள், யார் வீட்டு விதை என்று அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே உட்கார்ந்து எழுத வையுங்கள், விதை காத்தவர் பெயரோடு.