தாமதத்துக்கான காரணங்கள்

என் சித்தப்பா மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலிருந்து டெல்லிக்கு வருகிறவர்கள் தாஜ்மகால் என்பார்கள், குதுப்மினார் என்பார்கள், பாலிகா பஜாரில் ஸ்வெட்டரைப் பாதி விலைக்குக் கேட்டு அவமானப்பட வேண்டும் என்பார்கள். சித்தப்பா புது டெல்லி ஸ்டேஷனில் பெட்டியைக் கீழே வைத்ததும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, பார்லிமென்டுல ஜெனரல் பாடி என்னிக்கு?"

நான் ஆர்.கே.புரத்தில் குடியேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாடாளுமன்றத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே நடப்பதை டிவி செய்தியில் பார்த்ததுண்டு. காகிதம் பறக்கும், பதாகை உயரும், சபாநாயகர் எழுந்து நிற்பார், அவை ஒத்திவைக்கப்படும். எனவே எனக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. சண்டையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

பார்வையாளர் அனுமதிச் சீட்டுக்கு ஓர் எம்.பி. கையெழுத்துப் போட வேண்டும். இன்னாரை எனக்கு நேரில் தெரியும், இவருக்கு நான் பொறுப்பு என்று உறுதி சொல்லித்தான் அந்தக் கையெழுத்து. எங்கள் படிவத்தில் கையெழுத்திட்டவரை நான் போஸ்டரில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அவர் என்னை அதிலும் பார்த்ததில்லை. இருந்தாலும் எனக்காக ஒருவர் தேசத்துக்கு உத்தரவாதம் தந்திருக்கிறார் என்பது நெஞ்சை நிறைத்தது. என் சொந்த மைத்துனன் வங்கிக் கடனுக்குக்கூட எனக்கு ஜாமீன் போட்டதில்லை. (2023 டிசம்பர் 13 அன்று இரண்டு பேர் பார்வையாளர் மாடத்திலிருந்து மக்களவைக்குள் குதித்து மஞ்சள் புகை கிளப்பினார்கள். நாங்கள் போனது அதற்கெல்லாம் முன்னால், பழைய வட்டக் கட்டடம் புழக்கத்தில் இருந்த காலத்தில், ஒரு டிசம்பர் வெள்ளிக்கிழமை.)

வாசலில் சோதனை, வராந்தாவில் சோதனை, மாடிப்படியில் சோதனை. கைபேசி முதல் கட்டத்திலேயே போயிற்று. சித்தப்பாவின் குரங்குக் குல்லாயைக் கழற்றி உள்ளே தலை இருக்கிறதா என்று பார்த்தார்கள். சுண்ணாம்பு டப்பா விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. ஒரு காவலர் முகர்ந்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் முகர்ந்தார். "சூனா, சூனா" என்று நான் எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். சுண்ணாம்பு என்று அவர்களுக்கும் புரிந்தது. அது எதற்கு நாடாளுமன்றத்துக்குள் என்பதுதான் புரியவில்லை. டப்பா வெளியே தங்கியது. சித்தப்பா வெற்றிலை இல்லாத வாயோடு உள்ளே வந்தார். பிற்பாடு நடந்தவற்றை மதிப்பிடும்போது இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மக்களவை விதிகளில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. விருந்தாளி அல்ல, பார்வையாளர்கூட அல்ல: அந்நியர். விதி 386 அந்நியரை அனுமதிப்பது பற்றி. 387 அந்நியரை வெளியேற்றுவது பற்றி. ஓட்டுப் போட்டு அனுப்பியவனே அந்நியன் என்பது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன மரியாதை. சித்தப்பாவிடம் சொன்னேன். "நம்ம சங்கத்துலயும் உறுப்பினரை அப்படித்தான் நடத்துவோம். ஆனா எழுத்துல வெச்சுக்கமாட்டோம்" என்றார்.

மாடத்தில் உட்காரும்போது மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. கால்மேல் கால் போடக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, எதையும் எழுதக் கூடாது. கீழே ஆட்கள் சாய்ந்திருந்தார்கள், பேசினார்கள், எழுந்து போய் அடுத்த வரிசையில் குசலம் விசாரித்தார்கள். அந்த மண்டபத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது அந்நியர்கள் மட்டும்தான்.

கேள்வி நேரம் நடந்துகொண்டிருந்தது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் இருபது. அவற்றுக்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். குறியிடாதவை இருநூற்றுமுப்பது; அவற்றுக்கு எழுத்தில் பதில். எந்தக் கேள்வி முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. பெரும்பாலான நாட்களில் ஐந்தாறு கேள்வியைத் தாண்டுவதற்குள் மணி பன்னிரண்டாகிவிடும்; மிச்சத்துக்கும் எழுத்தில்தான் பதில்.

நான் எதிர்பார்த்தது, ஒருவர் எழுந்து "மந்திரி அவர்களே!" என்று இடி இடிப்பார் என்று. எழுந்தவர் கேள்வியின் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மந்திரி எழுந்தார், அறிக்கை அவை முன் வைக்கப்பட்டுள்ளது என்று சொல்லி அவரும் உட்கார்ந்தார். கேள்வியும் கேட்கவில்லை, பதிலும் கேட்கவில்லை, முடிந்தது. துணைக் கேள்வி வந்தபோதுதான் விஷயம் ஏதோ பாசனம் என்றே தெரிந்தது.

எழுத்தில் வரும் பதில்கள் தனி இலக்கியம். கேள்வியை (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரித்திருப்பார்கள். (அ) இப்படியொரு குறைபாடு அரசின் கவனத்துக்கு வந்ததா? (ஆ) வந்தது எனில் விவரம் என்ன? (இ) எடுத்த நடவடிக்கை என்ன? பதில்: (அ) இல்லை. (ஆ) மற்றும் (இ): இவ்வினாக்கள் எழவில்லை. குடும்பஸ்தன் ஒருவன் இதைக் கேட்டுக் கண்ணீர் விடாமல் இருக்க முடியாது. ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் வைத்துக் கேட்கப்படும் (அ)வுக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டால், மற்றதெல்லாம் எழாமலே போகும் ஒரு வீடு எங்காவது இருக்கிறதா?

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது", "பரிசீலனையில் உள்ளது" என்பவையும் வரும். இவற்றைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அரசு உறுதிமொழிகளுக்கான குழு என்று ஒன்று 1953 முதல் இருக்கிறது. இன்னின்ன வாக்கியங்களைச் சொன்னால் அது உறுதிமொழி என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். மந்திரி வாய்தவறி "பார்க்கிறேன்" என்றாலும் குறித்துக்கொண்டு, மூன்று மாதத்தில் பார்த்தாயா என்று துரத்துவார்கள். அன்று சாயங்காலம் இதைச் சொன்னபோது சித்தப்பா நிஜமாகவே பயந்துபோனார். "நல்லவேளை நம்ம சங்கத்துல இல்ல. நான் சொன்ன 'பார்க்கலாம்' எல்லாத்தையும் சேர்த்தா ரெண்டு லாரி வேணும்."

பன்னிரண்டு அடித்தது. பாதி அவை எழுந்து காபிக்குப் போனது. மீதிப் பேர் முன்னிலையில் அன்றைய முக்கியமான காரியம் தொடங்கியது: காகிதங்களை அவை முன் வைத்தல்.

கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வருவார், ஒரு கவரைத் தருவார், நகர்வார். அடுத்தவர் வருவார். சிலர் வர முடியாத பெரியப்பாவுக்கும், சிங்கப்பூரில் இருக்கும் மச்சானுக்கும் சேர்த்து நாலு கவர் கொடுப்பார்கள். அதேதான். மந்திரிகள் ஒவ்வொருவராக எழுந்து, என் பெயரில் உள்ள காகிதத்தை வைக்கிறேன் என்றார்கள். கடைசியில் ஓர் இணை மந்திரி எழுந்து, "என் சகா சார்பில்", "என் இன்னொரு சகா சார்பில்" என்று ஊரில் இல்லாதவர்கள் மொய்யையும் கட்டினார். வாரியத்தின் ஆண்டறிக்கை, கழகத்தின் தணிக்கை செய்த கணக்கு, அதன் மீது அரசின் மதிப்புரை, இந்திப் பதிப்பு, ஆங்கிலப் பதிப்பு. இத்தனையும் சில நிமிடத்தில். தேசத்தின் அத்தனை கணக்கும் கோயிலில் கூட்டம் அதிகமான நாளில் குருக்கள் அர்ச்சனை சொல்லும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. நட்சத்திரம், கோத்திரம், அடுத்தவர்.

எனக்குக் கண் செருகியது. ஆனால் பக்கத்தில் சித்தப்பா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காரணம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருந்த ஒரு வரி. ஒவ்வோர் ஆண்டறிக்கைக்கும் கீழே, மேற்படி காகிதங்களை வைப்பதில் ஏற்பட்ட தாமதத்துக்கான காரணங்களைக் காட்டும் அறிக்கை என்று தனியாக ஓர் இனம் வரும். அறிக்கை தாமதம், அந்தத் தாமதத்துக்கு ஓர் அறிக்கை, அதுவும் இரண்டு மொழியில். நான் அதை மொழிபெயர்த்துக் காதில் கிசுகிசுத்தேன். காவலர் முறைத்தார். சித்தப்பா அதைக் கவனிக்கவே இல்லை. முப்பத்தோரு வருஷம் தணிக்கை அதிகாரிகளிடம் நெளிந்து, வளைந்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, "கொஞ்சம் லேட்டாயிடுச்சுங்க" என்று தலையைச் சொறிந்த மனிதர் அவர். அந்தத் தலைசொறிதலை ஓர் ஆவணமாக ஆக்கலாம், அதற்கு ஒரு தலைப்பும் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அது வெற்றிலை இல்லாததால் அல்ல என்று நினைக்கிறேன்.

பிறகு பூஜ்ய நேரம். விதிப்புத்தகத்தில் இல்லாத பெயர், ஆனால் தினமும் நடக்கும். இங்கேயாவது சண்டை வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓர் உறுப்பினர் கைகளை வீசி, குரல் தழுதழுக்க, தன் தொகுதியில் ஓர் எக்ஸ்பிரஸ் ரயில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும் என்று கேட்டார். சத்தியாக்கிரகத்துக்கு உரிய கம்பீரம். பாதியில் மைக் அணைந்தது. அவர் உதடுகள் மட்டும் தொடர்ந்தன. அடுத்தவர் ஒரு மேம்பாலம் கேட்டார். மூன்றாமவர் பேசும்போது எதிர்வரிசையில் யாரோ ஏதோ சொல்ல, நாலு பேர் எழுந்தார்கள். என் இதயம் துள்ளியது. "எதுவும் பதிவாகாது" என்றார் நாற்காலியில் இருந்தவர். நாலு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். பதிவாகாத சண்டையைப் போட்டு என்ன பிரயோஜனம்?

கீழே நடுமேசையில் சுருக்கெழுத்தர்கள் சில நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறி வந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுதும் பதிவில் இந்த அமளி எல்லாம் அடைப்புக்குறிக்குள் ஒரே சொல்லாகச் சுருங்கும்: குறுக்கீடுகள். தகாத சொற்களை நீக்குவதும் உண்டு. அதற்கும் பட்டியல் இருக்கிறது. 'கோட்ஸே' என்ற பெயர் அந்தப் பட்டியலில் பல்லாண்டு இருந்தது. 2014இல் நாசிக்கிலிருந்து ஜெயித்து வந்தவரின் குடும்பப் பெயரே கோட்ஸே. தன் பெயரே தகாத சொல்லாக இருக்கும் அவையில் ஒருவர் எப்படி உட்காருவார்? அவர் முறையிட்டு, 2015இல் சபாநாயகர் சுமித்ரா மகாஜன் அந்தக் குடும்பப் பெயரை விடுவித்தார்.

எங்கள் சீட்டில் ஒரு மணி நேரம்தான். காவலர் வந்து தோளைத் தொட்டார். சுண்ணாம்பு டப்பாவை மீட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, மீதியை லோக்சபா டிவியில் பார்த்தோம்.

ஒரு மசோதா நிறைவேறியது. நம் சட்டசபையில் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்பார்களே, அதேதான். "ஆம் என்றவர்கள் ஜெயித்ததாக நினைக்கிறேன்" என்று முதலில் ஒரு சந்தேகம். அரை விநாடி இடைவெளி. "ஜெயித்தார்கள்" என்று தீர்ப்பு. பிரிவு 2 சேர்க்கப்பட்டது, 3 முதல் மிச்சமெல்லாம் மொத்தமாகச் சேர்க்கப்பட்டன. எல்லாம் முடிந்த பிறகு பிரிவு 1, கடைசியாகத் தலைப்பு. பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போய்ப் பாஸாகி வந்த பிறகு பெயர் வைக்கிற சமாச்சாரம்.

மூன்றரைக்குத் தனிநபர் மசோதாக்கள். வெள்ளிக்கிழமைப் பிற்பகல்தான் அதற்கு ஒதுக்கம், அதாவது எம்.பி.க்கள் பலர் விமானம் ஏறும் நேரம். சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வகையில் சட்டமானவை மொத்தம் பதினான்கு; கடைசியாக ஆனது 1970இல். திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரலில், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, மாநிலங்களவை ஏற்றது. அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனாலும் வாராவாரம் யாரோ ஒருவர் தலையை வாரிக்கொண்டு, குறிப்புகளோடு வந்து, காலி நாற்காலிகளைப் பார்த்து மனமுருகப் பேசுகிறார். அன்று பேசியவரின் குரலில் அலுப்பே இல்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. கூடவே தூக்கமும் வந்தது.

"எத்தனை பேரு இருக்கணும்?" என்றார் சித்தப்பா.

"பத்தில் ஒரு பங்கு. அம்பத்தஞ்சு."

திரையை எண்ணினார். "இருபத்திரெண்டுதான் இருக்கு."

"யாராவது எழுந்து கேட்டாத்தான் கோரம் பார்ப்பாங்க. கேட்கலைன்னா ஓடும்."

சித்தப்பா நிமிர்ந்தார். காலையிலிருந்து அவர் தேசத்தைவிடத் தாம் உயர்ந்து நின்ற இடம் அது ஒன்றுதான். "என் சர்வீஸ்ல கோரம் இல்லாத ஜெனரல் பாடி ஒண்ணுகூட நடக்கல. வரலைன்னா நான் சைக்கிள்ல மினிட் புக்கை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்கிடுவேன். களத்துமேட்டுல ஒருத்தன் தூங்கிட்டிருந்தான். கட்டைவிரலை எடுத்து மையில ஒத்தி வெச்சுட்டு வந்தேன். அவன் முழிச்சுக்கவே இல்ல. அன்னிக்கு உபவிதியில திருத்தம்."

நாலு நாள் கழித்து ஊருக்குப் புறப்பட்டார். தத்கால் டிக்கெட்டுக்கு நான்தான் பணம் கட்டினேன். "போனதும் அனுப்பிச்சுடறேன்" என்றார் ரயில் நகரும்போது. பட்டியலில் உள்ள வாக்கியம். மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு விளையாட்டாக, ஒரு வெள்ளைத்தாளில் நட்சத்திரக் குறி போட்டு, (அ) டிக்கெட் பணம் பற்றி அவருக்கு நினைவிருக்கிறதா, (ஆ) இருக்கிறது எனில் எப்போது வரும், (இ) வராதெனில் காரணம் என்ன என்று எழுதித் தபாலில் போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. சங்கத்து லெட்ஜரிலிருந்து கிழித்த தாள்.

(அ) ஆம். (ஆ) பரிசீலனையில் உள்ளது. (இ) இவ்வினா எழவில்லை. இணைப்பு: தாமதத்துக்கான காரணங்களைக் காட்டும் அறிக்கை (தமிழ்ப் பதிப்பு மட்டும்). 1. தாளடி அறுவடை. 2. மேலக்கோயில் கும்பாபிஷேக வரி. 3. தபால்காரர் மாற்றலானது.

கீழே கையெழுத்து சித்தப்பாவுடையது அல்ல. அவர் வயலுக்குப் போயிருந்தாராம். சித்தி போட்டிருந்தார்: "என் சகா சார்பில்."