தண்ணி சார்

சென்னையில் இருபது வீட்டுக்கு மேல் உள்ள எந்த அடுக்ககத்துக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். அறுபதைத் தாண்டிய வயது. வங்கியிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சட்டைப் பையில் பேனா மாதிரி ஒன்று செருகியிருக்கும். கையெழுத்துப் போட இரவல் கேட்டுவிடாதீர்கள். அது தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர். சங்கத்து லெட்டர்பேடில் அவர் இணைச் செயலாளர். வாட்ச்மேனிலிருந்து கேன் போடும் பையன் வரை எல்லாருக்கும் ‘தண்ணி சார்’.

ஊரெல்லாம் ராசிபலன் பார்க்கும் நேரத்தில் இவர் ஏரிபலன் பார்ப்பார். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் நிரம்பினால் 11.257 டிஎம்சி. இன்றைக்கு அதில் எத்தனை இருக்கிறது என்பது ஆறரை மணிக்குக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் வந்துவிடும். ‘சோழவரம் சுகமில்லை’ என்று ஒரு வரி எழுதுவார், சொந்தக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மாதிரி. பேரன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

வீட்டுக்கு வந்தவருக்கு மரியாதைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்போம், இல்லையா? அவர் முதலில் பையிலிருந்து மீட்டரை உருவி டம்ளரில் முக்குவார். வீட்டுக்காரர்கள் பரீட்சை முடிவு பார்ப்பதுபோல் நிற்க வேண்டும். 600 காட்டினால், “உங்க ஆர்.ஓ. மெம்பரேன் போயே போச்சு சார்.” 25 காட்டினாலும் விடமாட்டார். “இது தண்ணியே இல்ல. இன்வர்ட்டர் பேட்டரிக்குத்தான் ஊத்தணும்.” எந்த எண் வந்தாலும் திட்டு உறுதி. குடிப்பது மட்டும் கிடையாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, “ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு உங்க மெஷின் மூணு லிட்டர் வெளியே தள்ளுது. அதைப் பிடிச்சு வீடு துடைக்கிறீங்களா?” என்று அடுத்த விசாரணையைத் தொடங்குவார். இல்லை என்று நான் ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்று இரவே குழுவில் ‘சில வீடுகளில்’ என்று தொடங்கும் சுற்றறிக்கை வந்தது.

அவருடைய வேதம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரக்குறியீடு 10500. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் போர் தண்ணீர் இந்த இரண்டாவது எல்லையை ஒட்டியே காலம் தள்ளுகிறது. கீசரின் காயில் ஆறு மாதத்தில் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். சோப்பு நுரைக்காது, தலைமுடி கொட்டும் என்பார்கள். மூன்றாவது மாடி இளைஞர் ஒருவர் தமது வழுக்கைக்கே சங்கம் பொறுப்பு என்று பொதுக்குழுவில் பேசினார். தண்ணி சார் அதை நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றினார்.

வேதத்திலும் ஒரு பக்கம் அவர் படிக்காமல் விட்டிருந்தார். மீட்டர் பார்ப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை. அதை வைத்துத்தான் உப்பின் அளவைச் சொல்கிறது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது, தெரிந்ததாக அது சொல்லிக்கொண்டதும் இல்லை. ஒரு மார்கழிக் காலையில், லாரித் தண்ணீர் நிரப்பும் எங்கள் சம்பில் ஒரு வாடை. அவர் முக்கினார்: 340. “அருமையான தண்ணி, குடிக்கலாம்” என்று அறிவித்தார். படிக்கட்டு கூட்டிக்கொண்டிருந்த அம்மா வாளியை அவர் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“இன்னா சார், உன் மெசினு நல்லா கீதுன்னுது. என் மூக்கு நாறுதுன்னுது. நான் எத்த நம்புறது?”

சம்புக்கு இரண்டடி தள்ளியிருந்த எங்கள் சாக்கடைச் சேம்பரில் விரிசல். எப்போதோ நாங்களே கட்டி நாங்களே மறந்தது. சம்பை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சேம்பரைப் பூசி முடிக்க மூன்று நாள். அந்த மூன்று நாளும் மீட்டர் பையில் தென்படவில்லை. நான்காம் நாள் கூடவே குளோரின் பார்க்கும் சொட்டு மருந்துப் புட்டியும் வந்து சேர்ந்தது. தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தமாம். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டுமாம். அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரும்போது இரண்டு டம்ளர் கேட்டார்.

அவரைப் பார்க்க வேண்டிய நாள், தண்ணீர் லாரி வரும் நாள். 12,000 லிட்டர் என்று லாரிக்காரர் சொன்னால் நாம் நம்பிவிடுவோம். அவர் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். “விழுந்துறப் போற சார்” என்று டிரைவர் கீழிருந்து பதறுவார். பிறகு அவர் இறங்கி வந்து மூங்கில் கழியைச் சம்பில் விடுவார். சம்ப் 12க்கு 8 அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக 12,000 லிட்டருக்கு மட்டம் 4 அடி 5 அங்குலம் ஏறியாக வேண்டும். ஒரு மே மாதத்தில் 4 அடி 2 அங்குலம்தான் ஏறியது. “மீதி 680 லிட்டர் எங்கேய்யா?” டிரைவர் அம்மா மேல் சத்தியம் செய்தார். தெருவே கூடியது. முக்கால் மணி நேரம் கழித்து வாட்ச்மேன் மெல்ல வந்து, “சார், மோட்டார் ஆட்டோவுல ஓடிக்கிட்டு இருக்கு” என்றார். இந்தப் பக்கம் லாரி கொட்டக் கொட்ட, அந்தப் பக்கம் மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணி சார் கழியைத் துடைத்தார். டிரைவருக்குக் காபி வந்தது.

2019 கோடைதான் அவருடைய பொற்காலம். ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. எங்களுக்குக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. மோட்டார் ரூம் சாவி அவர் அரைஞாணில். வாசலில் அவரைக் கண்டால் ஷவரில் குளித்தவர்கள் தலையைத் துவட்டியபடியே லிஃப்டுக்குள் ஒளிந்தார்கள். பல வருடம் பேசாமலிருந்த முதல் மாடி மாமி, கூடுதலாகப் பத்து நிமிடம் கேட்டு மைசூர்பாகு அனுப்பினார். அவர் மைசூர்பாகைத் திருப்பி அனுப்பவில்லை. பத்து நிமிடமும் தரவில்லை.

நல்ல மழை பெய்யும் வருடத்தில்தான் அவரைப் பார்க்கச் சகிக்காது. செம்பரம்பாக்கத்தில் உபரி நீரைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வரும். குழுவில் அவர் போடும் ஏரிபலனுக்கு ஒரு கட்டைவிரல்கூட விழாது. மொட்டைமாடி மழைநீர்க் குழாயில் அடைத்த இலையை அள்ளிவிட்டு, வேலையில்லாத மாப்பிள்ளை மாதிரி கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கடந்த ஐப்பசியில் அப்படித்தான் இருந்தார். நான் பேச்சுக்கு, “நாலு ஏரியும் ரொம்பிடுச்சாமே சார்” என்றேன். “ரொம்பட்டும்” என்றார்.

அப்போது மோட்டார் ரூம் பக்கமிருந்து கருகல் வாடை. வாட்ச்மேன் ஓடிவந்தார். “சார், காயில் போயிடுச்சு. எலக்ட்ரீஷியன் ரெண்டு நாள் ஆகும்ங்கிறான்.”

நாற்காலி பின்னால் சாய, தண்ணி சார் எழுந்தார். மாடித் தொட்டியைப் பார்க்க இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். மூன்றாவது மாடியை எட்டியிருக்க மாட்டார், என் போன் ‘டிங்’ என்றது.

‘அவசர அறிவிப்பு. இன்று முதல் காலை 6.00 – 6.20 மட்டும். ஷவர் அறவே கூடாது. ஒத்துழைக்கவும்!!!’