பல கலை வெள்ளை பெல்ட்

எங்கள் வீட்டுத் துணி அலமாரியில் மூன்று வெள்ளை பெல்ட்டுகள் இருக்கின்றன. மூன்றும் என்னுடையவை. ஒன்று டேக்வாண்டோவில் வாங்கியது, ஒன்று ஜூடோவில், ஒன்று பிரேசிலிய ஜியுஜிட்சுவில். ஒரே கலையில் நிறம் மாறி மாறி மேலே போகிறவர்கள் உண்டு. நான் நிறத்தை மாற்றாமல் கலையை மாற்றுகிறவன். "இத்தனை வருஷமா துவைக்கிறேன், ஒண்ணுலயாவது கலர் ஏறக் காணோமே" என்பது என் மனைவியின் மதிப்பீடு.

முழு உண்மை அதுவல்ல. டேக்வாண்டோவில் மஞ்சள், பச்சை எல்லாம் தாண்டி நீலத்துக்கு வந்துவிட்டேன். பேசாமல் அங்கேயே இருந்திருந்தால் இந்நேரம் கறுப்பின் வாசலில் நின்றிருப்பேன். ஆனால் ஐம்பதை நெருங்கும் ஆண்களை மூன்று கிறுக்குகளில் ஒன்று பிடிக்கும்: சைக்கிள், மாரத்தான், ஆன்மிகம். எனக்கு நாலாவது பிடித்தது. ஒரு தற்காப்புக் கலை அரைகுறையாக வந்ததும் அடுத்ததைத் தொடுவது. 'கிராஸ் டிரெயினிங்' என்று அதற்கு நாகரிகமான பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் டேக்வாண்டோவிடமிருந்து தப்புவது கடினம். 1955ல் அந்தக் கலைக்கு அந்தப் பெயரைச் சூட்டிய ஜெனரல் சோய் ஹோங் ஹி, 1962ல் மலாயாவுக்குத் தென்கொரியத் தூதராக வந்து சேர்ந்தார். மற்றத் தூதர்கள் விருந்து வைப்பார்கள். இவர் உதை கற்றுக்கொடுத்தார். அக்கரையில் விழுந்த உதை இக்கரைக்கு வர அதிக காலம் ஆகவில்லை. எண்பதுகளில் தேசிய சேவை செய்த என் வயதுக்காரர்களில் பலர், முகாமில் வரிசையாக நின்று காற்றை உதைத்தவர்கள்தான். இன்று தீவு முழுக்கச் சமூக மன்றங்களில் அந்த உதை நடக்கிறது. வார இறுதியில் கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்தில் நின்றால் ஒரு வெள்ளைச் சீருடைக் குழந்தையாவது கண்ணில் படும்.

என் மகனையும் அப்படித்தான் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பில் சேர்த்தேன். மஞ்சள் பெல்ட் வாங்கிய கையோடு அவன் கால்பந்துக்குத் தாவிவிட்டான். அந்தக் காலாண்டுக்குக் கட்டணம் கட்டியாகிவிட்டது. கட்டிய பணத்தை விட்டுக்கொடுக்கும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அவன் இடத்தில் நான் போய் நின்றேன்.

டேக்வாண்டோ வகுப்பில் வயதுக்கு மரியாதை இல்லை, பெல்ட்டுக்குத்தான் மரியாதை. மூத்த நிறம் முன்வரிசை, இளைய நிறம் பின்வரிசை. எனக்கு முன்னால் நின்றது எங்கள் புளோக்கில் மேல்மாடியில் வசிக்கும் எட்டு வயதுச் சீனச் சிறுமி. சிவப்பு பெல்ட். முன்பற்கள் இரண்டு விழுந்திருந்தன. ஆனால் அவள் பின்காலால் உதைத்தால் பயிற்சிப் பலகை இரண்டாகும். மின்தூக்கியில் அவளைச் சந்தித்தால் நான்தான் முதலில் தலை குனிந்து வணங்குவேன். இதைக் கவனித்த அவள் தாயார், இந்தியர்கள் மிகவும் பணிவானவர்கள் என்று என் மனைவியிடம் பாராட்டினாராம். "எங்க வீட்டுக்குள்ள வந்து பாருங்க" என்றாளாம் இவள்.

அந்தச் சிறுமி என்னிடம் ஓயாமல் சொன்ன குறை ஒன்றுதான்: "அங்கிள், கை கீழே இருக்கு."

கை கீழே இறங்கக் காரணம் என் சோம்பல் மட்டுமல்ல, விதிகளும்தான். ஒலிம்பிக் டேக்வாண்டோவில் உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று தலையில் உதைத்தால் 5. முகத்தில் குத்தக் கூடாது, குத்தினால் அபராதம். குத்து வராத முகத்துக்கு யார் காவல் போடுவார்கள்? உலகச் சாம்பியன்களே இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நிற்பதைப் பார்க்கலாம். லண்டன் 2012 ஒலிம்பிக்கில் மின்னணுக் கவசம் வந்த பிறகு இன்னொரு பழக்கமும் பெருகியது: முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்திக்கொண்டே இருப்பது. கவசத்தின் உணரிக்கு உதை எட்டினால் போதும், அழகெல்லாம் அதற்குத் தெரியாது. விதி எதற்குக் காசு கொடுக்கிறதோ, அதைத்தான் உடம்பு கற்றுக்கொள்கிறது. இதைப் புரிந்துகொள்ள நான் இன்னும் இரண்டு வெள்ளை பெல்ட் வாங்க வேண்டியிருந்தது.

என் முட்டிகளுக்குச் சனி பிடித்தது 2011ல். அந்த ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் உள்ளரங்கத்தில் 'ஒன்' அமைப்பின் முதல் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி நடந்தது. அக்டோபரில், தீபாவளிக்கு, சூர்யா போதிதருமராக நடித்த 'ஏழாம் அறிவு' படம் வந்தது. முன்னதைப் பார்த்த என் மகன், "அப்பா, கீழே தள்ளிட்டா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டான். பின்னதைப் பார்த்த எங்கள் கோப்பிக் கூட்டத்து அண்ணன் ஒருவர், புளோக் 448 உணவங்காடியில் கோப்பி-ஓவை ஆற்றியபடி, "தம்பி, இதெல்லாம் நம்ம காஞ்சிபுரத்துல இருந்து போனதுதான். நீ என்னத்துக்குக் கொரியாக்காரன் கிட்ட கத்துக்கிட்டு இருக்கே?" என்றார்.

போதிதருமரை ஷாவலின் பயிற்சியோடு சேர்த்துப் பேசும் 'யீஜின் ஜிங்' என்ற சீன நூல் 1624ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதாவது அவர் வாழ்ந்ததற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்டது என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப சூர்யா பொய் சொல்றாரா?" என்றார். இந்த வாதத்துக்கு எந்தக் கலையிலும் தடுப்பு கிடையாது.

கலைகள் ஒன்றோடொன்று கலந்தே வளர்ந்தவை என்பது மட்டும் நிச்சயம். சோய் ஹோங் ஹியே ஜப்பானில் மாணவராக இருந்தபோது ஷோட்டோகான் கராத்தே பயின்றவர். 1964ல் அமெரிக்காவின் லாங் பீச்சில் நடந்த கராத்தேப் போட்டியில் புரூஸ் லீயும் அமெரிக்க டேக்வாண்டோவின் தந்தை எனப்படும் ஜூன் ரீயும் நண்பர்களானார்கள். இவர் அவருக்கு உதை கொடுத்தார், அவர் இவருக்குக் குத்து கொடுத்தார். இருவரும் லாபம் அடைந்தார்கள். 2010 டிசம்பரில் ஒரு கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் அந்தோணி பெட்டிஸ் என்பவர் கூண்டுச் சுவரில் கால் வைத்து எகிறி, காற்றிலிருந்தபடி பென்சன் ஹெண்டர்சனின் முகத்தில் உதைத்த காட்சியை உலகமே பார்த்தது. உதைத்தவர், உதை வாங்கியவர் இருவருமே டேக்வாண்டோ கறுப்பு பெல்ட். அந்தக் காணொளியை மகன் காட்டியதும் நான் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். "பெயிண்ட் அடிச்சு ஆறு மாசம்தான் ஆகுது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

முதலில் ஜூடோ. டேக்வாண்டோக்காரன் பக்கவாட்டில் திரும்பி, நிமிர்ந்து, குதிகால் தரையில் படாமல் நிற்பான். உதைப்பதற்கு அது அருமையான நிலை. ஜூடோக்காரர்களுக்கு அதைவிட அருமையான நிலை. சட்டையைப் பிடித்த மறுநொடி நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, ஜூடோவாவது முழுமையான கலையா என்றால், அதற்கும் ஒரு மறதி உண்டு. போட்டியில் எதிராளியின் காலைக் கையால் பிடித்து வீழ்த்துவதை 2010 முதல் தடுக்கத் தொடங்கி, 2013ல் முற்றாக ஒதுக்கிவிட்டார்கள். அதனால் இளைய ஜூடோக்காரர்களுக்குக் கால் என்பது நடக்க மட்டும் பயன்படும் உறுப்பு.

ஆனால் ஜூடோ முதல் மாதம் முழுக்க விழத்தான் சொல்லிக்கொடுத்தது. மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கையால் தரையை ஓங்கி அறைந்து விழ வேண்டும். உகேமி என்பார்கள். இதன் அருமை ஓர் ஈரச்சந்தையில் தெரிந்தது. மீன் கடை முன்னால் கால் வழுக்கியது. மூளை யோசிப்பதற்கு முன்பே உடம்பு விழுந்துவிட்டது, பாடத்தில் உள்ளபடியே. தலை தப்பியது, இடுப்பு தப்பியது. தரையை அறைந்த கையில்தான் அரைக் கிலோ வவ்வால் மீன் பை இருந்தது. அது உகேமி படிக்காத மீன். கடைக்காரர் புதிதாக வேறு மீன் எடுத்துக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்தார். அடிபட்ட மனிதரிடம் காசு வாங்குவது பாவமாம். எனக்கு அடியே படவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை.

அடுத்தது பிரேசிலிய ஜியுஜிட்சு. இதில் கறுப்பு பெல்ட்டுக்குப் பத்தாண்டு சாதாரணமாக ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மத்திய சேமநிதிப் பணமும் கறுப்பு பெல்ட்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். என்னோடு பயிற்சிக்கு இணைந்தவன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒல்லிப் பையன். நான் உதை நிலையில் கம்பீரமாக நின்றேன். அவன் என் எதிரே வந்து, பேசாமல் தரையில் உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது என்று டேக்வாண்டோவில் பாடமே இல்லை. யோசித்து முடிப்பதற்குள் என் ஒரு கால் அவனிடம் இருந்தது. பிறகு ஒரு கை. பிறகு அவன் என்னைச் சப்பாத்தி மாவு பிசைவது போல உருட்டி, மடித்து, மேலே ஏறி உட்கார்ந்து, கழுத்தில் கைவைத்து நெரித்தபடி, "அங்கிள், ஓகேவா?" என்று கேட்டான். நல்ல குடும்பத்துப் பிள்ளை.

டேக்வாண்டோவில் ஒவ்வோர் உதைக்கும் வயிற்றிலிருந்து கத்த வேண்டும். இங்கே கத்துவதற்கு மூச்சு இருக்காது. அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் விட்டுவிடுவான். தோற்றேன் என்று சொல்ல இவ்வளவு எளிய, கௌரவமான வழியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இந்தப் பழக்கத்தைத் திருமண வாழ்க்கையில் முன்பே புகுத்தியிருந்தால் பல மாலைப்பொழுதுகள் மிச்சமாகியிருக்கும்.

இவ்வளவும் ஆன பிறகும் கோப்பிக் கூட்டத்து அண்ணன் விடவில்லை. "நம்ம சிலம்பத்தைத் தொடாம என்னப்பா தற்காப்பு?" அவர் கம்பைத் தொட்டதில்லை, எம்ஜிஆர் தொட்டதைப் பார்த்தவர். அவர் பேச்சைக் கேட்டு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். ஆசான் முதலில் கம்பையே கையில் தரவில்லை. காலடி, காலடி, மீண்டும் காலடி. அப்புறம்தான் நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி வருவதற்குள், எதிரே இருந்த சீன மூதாட்டி ஆர்வமாக விசாரித்தார்: துணி காயப்போடும் கம்பு இப்போதெல்லாம் கிடைப்பதே இல்லையே, எந்தக் கடையில் வாங்கினீர்கள்? வீட்டில் மனைவிக்கும் அதே எண்ணம்தான். நான் வகுப்புக்குப் போகாத நாட்களில் கம்பு சன்னலுக்கு வெளியே என் சீருடைகளைத் தாங்கி நிற்கிறது. மூன்று நாட்டுக் கலைகளையும் ஒரே நேரத்தில் சுமப்பது இப்போதைக்கு அது ஒன்றுதான்.

ஒரு நாள் புளோக் கீழே நான் காலடி பழகுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர், "இன்னும் தாழ நில்" என்றார். இளமையில் சிலாட் ஆடியவர். சிலாட் இங்கே சின்ன விஷயமல்ல. ஷேக் அலாவுதீன் 1990லும் 1994லும் உலகச் சாம்பியன். பின்னாளில் அவர் மகன் ஷேக் ஃபர்ஹானும் உலகச் சாம்பியன். 2018ல் உலகப் போட்டியே சிங்கப்பூரில்தான் நடந்தது. டேக்வாண்டோ மாஸ்டர் நிமிரச் சொல்கிறார், சிலாட்காரர் தாழச் சொல்கிறார், ஜூடோ விழச் சொல்கிறது, ஜியுஜிட்சு படுக்கச் சொல்கிறது. முட்டி ஒன்றுதான் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்கிறது.

ஆனாலும் சொல்கிறேன்: இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண் வேலை. ஒவ்வொரு கலையும் ஒரு கேள்விக்கு மிக நன்றாகப் பதில் சொல்லிவிட்டு, மற்றக் கேள்விகளை விதி வைத்துத் தள்ளிவிட்டது. ஒன்றிலேயே இருப்பவனுக்குத் தள்ளிவிட்டது எது என்று தெரியாது. இன்னொரு பள்ளியில் போய் முதல் நாள் அடி வாங்கினால் அன்றைக்கே தெரிந்துவிடும். பல கலை பழகுவதன் லாபம் இதுதான். பல கலையில் வல்லவராவது அல்ல. அதற்கு நானே சாட்சி.

ஆகவே, இதைப் படித்துவிட்டுக் கிளம்பும் என் வயதுக்காரர்களுக்கு: முதலில் ஏதாவது ஒரு கலையில் பச்சை வரும்வரை பொறுமையாக நில்லுங்கள், இல்லாவிட்டால் கலப்பதற்குக் கையில் சரக்கு இருக்காது. இரண்டாவது பள்ளிக்குப் போகும்போது முதல் மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தெருச்சண்டை வந்தால் எந்த உதையையும் நினைவுபடுத்திக்கொள்ளாமல் விலகிப் போய் 999ஐ அழையுங்கள். ஒரே ஒன்றுதான் கற்க முடியும் என்றால், விழக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் சேருங்கள். ஐம்பதுக்கு மேல் நம்மைத் தாக்கக் காத்திருப்பது குண்டர்கள் அல்ல, ஈரத் தரைதான்.