சாவிக்கே பூட்டா?

வாலே பேராண்டி, அந்த லேப்டாப்ப இங்கிட்டுத் திருப்பு. வைஃபை டிரைவர்ல ‘பாதுகாப்புக்கு’ இன்னொரு மியூடெக்ஸ் பூட்டு போட்டிருக்கியாமே? போடு, நல்லாப் போடு. உங்க ஆச்சி வம்சம்தான நீ! நிலைவாசலப் பூட்டுவா, அரங்கு வீட்டப் பூட்டுவா, உள்ள இருக்க வத்தல் டப்பாவையும் பூட்டுவா. இன்னைக்கு வரைக்கும் ஒரு கள்ளன் வந்ததில்ல. அடுப்புல எண்ணெய் காயும்போது சாவியக் காணோம்னு வீடே அல்லோலகல்லோலப்படும்.

லினக்ஸ் கெர்னல்லயும் வைஃபைக்கு மேக்80211-னு ஒரு அரங்கு வீடு இருந்துச்சு. ஸ்டேஷன் பட்டியலுக்கு ஒரு பூட்டு, சேனலுக்கு ஒரு பூட்டு, என்கிரிப்ஷன் சாவிக்கு ஒரு பூட்டு. சாவிக்கே பூட்டு, கேட்டியா! வாசல்ல ஆர்டிஎன்எல்-னு ஊர்ப் பொதுப் பூட்டு வேற. ஈதர்நெட்காரன் வேலை முடியுத வரைக்கும் வைஃபைகாரன் திண்ணையில உக்காந்திருக்கணும். 2021-ல அந்த நிலைவாசலுக்கு, ரேடியோ கார்டுக்கு ஒண்ணுன்னு வைஃபி லாக் வந்துச்சு. வைஃபை இல்லலே, வைஃபி. பேரு வச்சவனுக்குக் குசும்பு.

நிலைவாசல் சாவி இல்லாம ஒருத்தனும் உள்ள நுழைய முடியாதுன்னா அரங்குக்குப் பூட்டு எதுக்கு? 2023-ல ஒவ்வொண்ணாக் கழட்டிட்டாங்க. 6.7 கெர்னலத் திறந்து பாரு.

உடனே ஸ்பேனரத் தூக்காத, இதுல ஒரு சிக்கல் இருக்கு. கார்ட நிறுத்தப் போறவன் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு, “உள்ள வேலை முடியட்டும், காத்திருக்கேன்”னு நிக்கான். வேலைக்காரனோ, “சாவி வந்தாத்தான வேலைய முடிப்பேன்”னு வெளிய நிக்கான். ரெண்டு பேரும் மரியாதைக்காரங்க, விடிய விடிய நிப்பாங்க. அதனாலதான் பூட்டக் கழட்டுததுக்கு முன்னாடியே வைஃபி ஒர்க்னு ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க. சாவி கையில இருந்தாத்தான் அந்த வேலை ஓடும். அப்ப சாவி உன் இடுப்புல இருந்தா, உள்ள எவனும் ஓடலன்னு அர்த்தம். தைரியமா வேலை வரிசையிலருந்து அது பேர அடிச்சிரலாம்.

இன்னொண்ணு, பாக்கெட் பறக்குத பாதையில கை வைக்காத. மியூடெக்ஸ் தூங்குத சாதி, அங்க தூங்கக் கூடாது. ஆர்சியூவும் ஸ்பின்லாக்கும் பாத்துக்கிடும். மத்த இடத்துல பூட்டு இருந்த வாசப்படியில லாக்டெப் அசெர்ட் ஒண்ண உக்கார வை. சாவியில்லாம எவனாவது நுழைஞ்சா, டிபக் கெர்னல்ல அது ஊரையே கூட்டிரும்.

சரி, உன் புது மியூடெக்ஸ் எதைக் காக்குதுன்னு கமெண்ட்ல ஒரு வரி எழுது, பாப்போம்.

என்னலே, மோட்டுவளையப் பாக்க? போ, ஆச்சிகிட்ட வத்தல் டப்பா சாவிய வாங்கிட்டு வா.