பகலுறக்கமும் அதன் காவலும்: உவரியை முன்வைத்து ஓர் ஆய்வு

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை ஊரான உவரியில், விடியுமுன் வள்ளமேறித் தொழிலுக்குப் போய், பிடித்த மீனை ஏலத்தில் விட்டு வீடு திரும்பிய குடும்பத்தலைவர், சோறு தின்ற கையோடு முன்னறையில் பாய் விரித்துப் படுப்பதே ஈண்டுப் ‘பகலுறக்கம்’ எனப்படும். மேசைமேல் கவிழ்ந்து போடும் அலுவலகத் தூக்கம் இதில் அடங்காது.

மேலோட்டமாகப் பார்ப்போர் இதனை ஒருவர் செயலாகவே கருதுவர். உண்மையில் இது வீடே சேர்ந்து செய்யும் தொழில்; உறங்குபவரின் பங்கு அதில் மிகச் சிறிது. அவர் விழித்துவிடாதபடி மனைவி மேற்கொள்ளும் நடவடிக்கைகளின் தொகுப்பை ‘உறக்கக்காவல்’ எனலாம். அவர் படி ஏறுமுன்பே மிக்சியில் தேங்காய் அரைத்து முடிப்பது, குக்கர் விசிலைக் கரண்டிக்காம்பால் தூக்கிப் பையப்பைய ஆவி விடுவது, வாய்ப்பாட்டை உரக்கப் படிக்கும் பிள்ளையை அடுத்த வீட்டுத் திண்ணைக்கு அனுப்புவது ஆகியன இதன் எளிய கூறுகள். கடினமானது காகம். முற்றத்தில் காயும் கருவாட்டைக் கொத்த வருவதை வாயால் ‘சூ’ என்னாது, முந்தானையை வீசி மட்டுமே விரட்டவேண்டும். காகம் இதனை விரைவில் புரிந்துகொண்டு துணிச்சல் கொள்கிறது. செவ்வாய்தோறும் அந்தோனியார் கோயிலுக்குத் திரளும் கூட்டத்தின் ஓசை மட்டும் விதிவிலக்கு. அதற்கு எவரும் விழிப்பதில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, நாளொன்றை அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை என வகுத்து, 30 நிமிடத் துண்டுகளாக்கிப் பதிந்தது. ஊதியமில்லா வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக அது காட்டியது. வேலை செய்தோரை மட்டும் கொண்ட சராசரி இது. அந்த 4 மணிக்கு வள்ளம் கடலில் நின்றால் ஒரே பாடு இரண்டு நாளுக்குப் பங்காகிவிடும் என்பது ஒருபுறமிருக்க, ஆணின் உறக்கத்துக்கு அதில் தனிக் குறியீடு உண்டு. சத்தமின்றிக் காகம் விரட்டியவளுக்குச் ‘சும்மா இருந்தாள்’ என்ற பெயரே மிஞ்சுகிறது.

மீன்பிடித் தொழில் குறித்த 2007-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை (எண் 188), மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் கலங்களில் 24 மணி நேரத்துக்குள் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டுமென்கிறது. அன்றன்றே கரையேறுவோருக்கு அந்த ஓய்வை அளிப்பது மேற்படி முந்தானைதான்.

உறக்கம் கலைந்ததற்கும் வலையைச் சரிபார்க்கக் கடற்கரைக்குக் கிளம்புவதற்கும் இடைப்பட்ட, ஒரு தம்ளர் தேநீர் ஆறும் அளவேயான பொழுது ‘குடும்ப நேரம்’ ஆகும். பள்ளிக் கட்டணம், குழுக்கடன் தவணை, மாமியார் மாத்திரை ஆகிய மூன்றும் இதற்குள் பேசப்பட்டாக வேண்டும். பாசத்துக்கு இடமிருப்பதில்லை, அது தொழிலில்லாத ஞாயிற்றுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. ஞாயிறன்றோ ஆறு நாள் சண்டையும் முன்வரிசையில் காத்திருக்கிறது.

உறக்கக்காவல் ஐயமின்றி வேலையே. அடுத்த கணக்கெடுப்புக்கு உவரி வரும் அலுவலர் அதற்கொரு குறியீட்டு எண்ணோடு வருவாராக. பிற்பகல் நான்கு மணிக்குமுன் கதவைத் தட்டாதிருப்பாராக.